நீலகிரி ஈரத்தைத் தாங்கும் போல்ட்டுகள்: ரோடு சைக்கிளுக்கான சிறு உதிரிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

ரோடு சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் சட்டகம், சக்கரம், கியர் ஆகியவற்றைப் பற்றி மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். அவற்றையெல்லாம் ஒன்றாகப் பிடித்துவைத்திருக்கும் போல்ட், நட்டு, வாஷர், ஸ்போக்கை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ஸ்போக் நிப்பிள் ஆகியவற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சமவெளியில் ஓட்டுபவருக்கு அதனால் பெரிய இழப்பு ஏதும் வராமல் போகலாம். நீலகிரியில் நிலைமை வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், ஊட்டிப் பக்கத்தை நனைக்கிறது. அது ஓய்ந்த கையோடு வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. மழை இல்லாத நாளிலும் மூடுபனி இறங்கி நிற்கிறது. நனைந்த சைக்கிள் காய்வதற்கு இங்கே நேரமே கிடைப்பதில்லை. ஆகவே இந்த மலையில் சிறு உதிரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பாதுகாப்பையும், அடுத்துத் துருவையும், கடைசியில்தான் எடையையும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறார்கள்.

எடைக் கணக்கு

எடையைப் பற்றிய ஆசையை முதலிலேயே எண்களால் அளந்துவிடுவது நல்லது. எம்5 அளவில் (தண்டின் விட்டம் 5 மி.மீ.) 16 மி.மீ. நீளமுள்ள, ஆலன் கீ (அறுகோணச் சாவி) போடும் எஃகு போல்ட் ஒன்று சுமார் 4 கிராம் இருக்கும். அதே போல்ட் டைட்டானியத்தில் 2 கிராமைச் சற்றுத் தாண்டும். அலுமினியத்தில் ஒன்றரை கிராமுக்குள் அடங்கும். எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், டைட்டானியக் கலவையின் அடர்த்தி 4.43 கிராம், 7075 வகை அலுமினியத்தின் அடர்த்தி 2.8 கிராம் என்பதுதான் இதற்குக் காரணம். சைக்கிளில் மாற்றத்தக்க சிறு போல்ட்டுகள் எல்லாம் சேர்ந்து 120 கிராம் என்று வைத்துக்கொண்டால், அனைத்தையும் டைட்டானியமாக மாற்றினாலும் மிச்சமாவது 50 கிராம் அளவுதான்.

மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரத்திலும் ஊட்டி 2,240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ என்றால், அந்த 50 கிராம் மொத்த எடையில் 1,500-இல் ஒரு பங்கு. மூன்று மணி நேரம் எடுக்கும் ஏற்றத்தில் அது மிச்சப்படுத்துவது ஏறத்தாழ 7 விநாடி. போட்டியில் ஓட்டுபவருக்கு அந்த 7 விநாடி பெரிதாக இருக்கலாம். மற்றவர்கள் டைட்டானியத்துக்குச் செலவு செய்வதானால், அது துருப்பிடிக்காது என்பதற்காகச் செய்யட்டும். எடைக் குறைவைக் கூடக் கிடைத்த பலனாக வைத்துக்கொள்ளட்டும்.

முதற்படி: இருப்பதைக் கணக்கெடுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் சைக்கிளைக் கழுவித் துடைத்து, ஒரு தாளில் ஒவ்வொரு போல்ட்டையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கே இருக்கிறது, தலை எந்த வடிவம், எந்தச் சாவி பொருந்துகிறது, தண்டின் விட்டம் எவ்வளவு, நீளம் எவ்வளவு என்பவை போதும். ஒரு வெர்னியர் அளவுகோல் இருந்தால் வேலை எளிது. ரோடு சைக்கிளில் பெரும்பாலும் எம்4, எம்5, எம்6 ஆகிய மூன்று அளவுகளே வரும். அவற்றின் மரை இடைவெளி முறையே 0.7, 0.8, 1.0 மி.மீ. ஆகும். இவை ஊர்க் கடையில் கிடைக்கும் சாதாரண மரைகளே. முன்பல்சக்கரத்தைப் பிடிக்கும் எம்8 போல்ட் மட்டும் விதிவிலக்கு. அதன் மரை இடைவெளி 0.75 மி.மீ., கடையில் கிடைக்கும் சாதாரண எம்8 போல்ட்டின் இடைவெளியோ 1.25 மி.மீ. அதைச் சைக்கிள் உதிரியாகவே வாங்க வேண்டும்.

கணக்கெடுக்கும்போதே துருவின் நிலையும் தெரிந்துவிடும். மழைக்காலம் முழுவதும் வெளித்திண்ணையில் நின்ற சைக்கிளில் தண்ணீர் பாட்டில் கேஜின் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். 4 மி.மீ. ஆலன் கீயை வைத்துத் திருப்பினால் முதலில் அசையாது. பிறகு ஒரு சின்னச் சத்தத்தோடு விடும். வெளியே வரும் மரையில் செம்பழுப்புத் துரு ஒரு பக்கமும், மாவு போன்ற வெண்பொடி ஒரு பக்கமும் ஒட்டியிருக்கும். சில சமயம் அந்தத் துளை வழியே சட்டகத்துக்குள் தேங்கிய தண்ணீரும் ஒழுகும். செம்பழுப்பு போல்ட்டின் எஃகிலிருந்து வந்தது. வெண்பொடி சட்டகத்தில் பதித்த அலுமினிய நட்டிலிருந்து வந்தது. இரண்டில் கவலைப்பட வேண்டியது வெண்பொடிக்குத்தான், ஏனென்றால் போல்ட்டை மாற்றிவிடலாம், சட்டகத்தின் மரை போய்விட்டால் எளிதில் சரிசெய்ய முடியாது. போல்ட்டோடு சேர்ந்து அந்த நட்டும் சட்டகத்துக்குள் சுழலத் தொடங்கினால் உடனே நிறுத்திவிட்டுக் கைதேர்ந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோவதே சரி.

இரண்டாம் படி: எது உயிரைத் தாங்குகிறது என்று பிரியுங்கள்

எழுதிய பட்டியலை மூன்றாகப் பிரிக்க வேண்டும். முறிந்தால் ஆளைக் கீழே தள்ளக்கூடியவை முதல் வகை: ஹேண்டில்பாரை முன் ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மின் போல்ட்டுகள், அதில் ஹேண்டில்பாரைப் பிடிக்கும் முன்தகட்டின் போல்ட்டுகள், சீட் போஸ்ட்டையும் சீட்டையும் பிடிப்பவை, பிரேக்கைச் சட்டகத்தோடு இணைப்பவை, பிரேக் கேபிளைக் கவ்வுபவை, டிஸ்க்கைச் சக்கரத்தோடு பிணைப்பவை, பெடலைத் தாங்கும் கிராங்க்கின் போல்ட்டுகள். முறிந்தால் வண்டி நின்றுபோகும், ஆனால் ஆளுக்கு ஆபத்து குறைவு என்பவை இரண்டாம் வகை: சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றும் டிரெய்லியரின் போல்ட்டுகள், கியர் கேபிளைக் கவ்வும் போல்ட், முன்பல்சக்கர போல்ட்டுகள். எந்தப் பாரமும் தாங்காதவை மூன்றாம் வகை: பாட்டில் கேஜ் போல்ட்டுகள், மட்கார்டு கம்பியின் ஸ்க்ரூக்கள், விளக்குப் பிடி, ஸ்டெம்மின் உச்சியில் உள்ள மூடியின் போல்ட். அந்த மூடியின் போல்ட் பேரிங்கை இழுத்துப் பிடிக்கும் நேரத்தில் மட்டும் வேலை செய்கிறது. ஸ்டெம்மை இறுக்கிய பிறகு அதற்கு வேலை இல்லை.

ஏறும்போது இந்தப் பிரிவினை அவ்வளவாக உறைக்காது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் உடம்பின் பாரம் முழுவதும் ஹேண்டில்பாரின் மீதும் முன் பிரேக்கின் மீதும் சாய்கிறது. அந்த இறக்கத்தை மனத்தில் வைத்துத்தான் முதல் வகை போல்ட்டுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாம் படி: உலோகங்களை அறிந்துகொள்ளுங்கள்

புதுச் சைக்கிளோடு வரும் போல்ட்டுகளில் பல, கறுப்புப் பூச்சோ துத்தநாகப் பூச்சோ கொண்ட வலுவான எஃகு. அவற்றின் தலையில் 8.8, 10.9, 12.9 என்று ஏதாவது ஓர் எண் பொறித்திருக்கும். முதல் எண்ணை 100-ஆல் பெருக்கினால் அறுபடும் வலிமை மெகாபாஸ்கலில் கிடைக்கும். புள்ளிக்குப் பின் வரும் எண், அந்த வலிமையில் எத்தனை பத்தில் ஒரு பங்கு வரை போல்ட் நிரந்தரமாக நீண்டுவிடாமல் தாங்கும் என்பதைச் சொல்கிறது. ஆகவே 12.9 என்றால் 1,200 மெகாபாஸ்கலில் அறுபடும், 1,080 வரை நீளாமல் தாங்கும். கறுப்புப் பூச்சு அழகாக இருக்குமே தவிர ஈரத்துக்கு அதிகம் தாங்காது. துத்தநாகம் சற்று மேல்; அது முதலில் வெண்மையாகப் பூத்து, தான் தீர்ந்த பிறகே எஃகைத் துருவுக்கு விட்டுக்கொடுக்கும்.

துருப்பிடிக்காத எஃகு, கடைக்காரர் மொழியில் எஸ்.எஸ்., இரண்டு வகைகளில் பரவலாகக் கிடைக்கிறது. 304 என்பதில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 316 என்பதில் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்கிறது. காய்ச்சிய பாலில் ஏடு படிவதுபோல இவற்றின் மேல் குரோமியம் ஆக்சைடு ஒரு மெல்லிய படலமாகப் படிந்து காக்கிறது; கீறினாலும் காற்று பட்டால் மறுபடி படிந்துவிடும். உப்பு இந்தப் படலத்தைத் துளைக்கும் என்பதால் கடலோர ஊர்களுக்கு 316 தேவைப்படுகிறது. நம் மலையில் கடற்காற்று இல்லை, 304 போதும். உப்பு இங்கே வருவது நம் வியர்வையிலிருந்துதான். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு, பர்லியார் வரையிலான புழுக்கத்தில் வழியும் வியர்வை நேராக ஸ்டெம்மின் மீது சொட்டுகிறது. குன்னூரைத் தாண்டியதும் பனிமூட்டம் அதைக் காயவிடாமல் வைத்திருக்கிறது. ஸ்டெம்மின் மேற்புற போல்ட்டுகள் மற்றவற்றைவிட முன்னதாகத் துருவேறுவதற்கு இந்த வியர்வை ஒரு முக்கியக் காரணம்.

இங்கே புதியவர்கள் அடிக்கடி ஏமாறும் ஓர் இடம் உண்டு. துருப்பிடிக்காதது என்பதாலேயே எஸ்.எஸ். வலிமையானது என்று கருதிவிடுகிறார்கள். கடையில் கிடைக்கும் எஸ்.எஸ். போல்ட்டின் தலையில் பெரும்பாலும் ஏ2-70 என்று இருக்கும். அது 700 மெகாபாஸ்கலில் அறுபடும். 450 மெகாபாஸ்கலுக்கு மேல் நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். 12.9 எஃகின் 1,080-ஓடு இதை ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு. உற்பத்தியாளர் 12.9 போட்டிருந்த ஸ்டெம்மில், பளபளப்பாக இருக்கிறதே என்று ஏ2-70 போடுவது பாதுகாப்பைப் பாதியாகக் குறைப்பதற்குச் சமம்.

6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த கிரேடு 5 டைட்டானியம் சுமார் 900 மெகாபாஸ்கல் வலிமை உடையது. மழையும் வியர்வையும் அதை ஒன்றும் செய்யாது. தூய டைட்டானியமான கிரேடு 2-இன் வலிமை இதில் பாதி அளவுதான் என்பதால், வாங்கும்போது கிரேடு 5 என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். 7075 அலுமினியம் மிக இலேசானது. ஆனால் அதன் வலிமை சுமார் 570 மெகாபாஸ்கல், திரும்பத் திரும்ப வரும் அதிர்வில் சோர்ந்து முறியக்கூடியது, 100 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலிமை வேகமாகக் குறைவது.

இன்னொன்றையும் புரிந்துகொள்ள வேண்டும். இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்பு கலந்த ஈரம் சேர்ந்தால், ஒன்று மற்றொன்றை அரிக்கும். அரிபடுவது பெரும்பாலும் அலுமினியமே. எஸ்.எஸ். போல்ட்டோ டைட்டானிய போல்ட்டோ பளபளவென்று இருக்க, அதைச் சுற்றியுள்ள அலுமினியச் சட்டகத்தின் மரை மெல்ல வெண்பொடியாக உதிர்ந்துகொண்டிருக்கும். முன்பு சொன்ன வெண்பொடி இதுதான். கார்பன் இழைச் சட்டகமும் அலுமினியத்தை இப்படியே அரிக்கும்; கார்பனும் டைட்டானியமும் மட்டும் ஒன்றோடொன்று பகைக்காமல் இருக்கும். ஆகவே விலை உயர்ந்த போல்ட் வாங்கிவிட்டோம், இனி கிரீஸ் வேண்டாம் என்று எண்ணுவது தவறு.

நான்காம் படி: இடத்துக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள்

பாட்டில் கேஜ், மட்கார்டு, விளக்குப் பிடி ஆகியவற்றுக்கு 304 எஸ்.எஸ். போட்டால் அந்தக் கவலை பல ஆண்டுகளுக்குத் தீர்ந்தது. இலேசாக வேண்டும் என்றால் பாட்டில் கேஜுக்கும் ஸ்டெம் உச்சி மூடிக்கும் அலுமினிய போல்ட் போடலாம். அதைப் போடத் தகுந்த இடங்கள் ஏறத்தாழ இவ்வளவுதான்.

ஸ்டெம், சீட் போஸ்ட் ஆகியவற்றில் உற்பத்தியாளர் தந்த எஃகு போல்ட்டையே கிரீஸ் தடவி வைத்துக்கொண்டு, தலையில் துரு ஏறத் தொடங்கினால் அதே தரத்தில் புதியது மாற்றுவதுதான் தொடக்கக்காரருக்கு மிகப் பத்திரமான வழி. நிரந்தரமாகத் துருவிலிருந்து விடுபட விரும்பினால், நம்பகமான தயாரிப்பாளரின் கிரேடு 5 டைட்டானியம் போடலாம். அதற்கு முன் ஸ்டெம் தயாரிப்பாளர் அதற்கு இடம் கொடுக்கிறாரா என்று கையேட்டில் பாருங்கள். டிஸ்க் பிரேக்கின் ரோட்டார் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்) போல்ட்டுகளில் அலுமினியத்தை நினைத்தே பார்க்க வேண்டாம். நீண்ட இறக்கத்தில் ரோட்டார் தொட முடியாத அளவுக்குச் சுடும். அலுமினியம் சோரும் இடம் அதுதான். டிஸ்க் பேடைப் பிடிக்கும் சிறு ஊசிக்கும் அலுமினியம் வேண்டாம். அதன் தலைக் காடி எளிதில் வழுக்கிப்போய்விடும்.

ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் பிரேக் கட்டையைப் பிடிக்கும் அந்தப் பொடி ஸ்க்ரூவை மறந்துவிடக் கூடாது. மழை இறக்கத்தில் சேறும் ரிம்மின் அலுமினியத் துகளும் கலந்து அதன் மரையில் புகுந்து இறுகிவிடும். மலையில் பிரேக் கட்டை வேகமாகத் தேய்வதால் அந்த ஸ்க்ரூவை அடிக்கடி கழற்ற வேண்டியிருக்கும். புதுக் கட்டை மாட்டும் முதல் நாளிலேயே அதைக் கழற்றித் துளி கிரீஸ் வைத்து மாட்டுங்கள்.

அதிகம் பேசப்படாத ஓர் உதிரி ஸ்போக் நிப்பிள். பித்தளை நிப்பிள் ஒன்று சுமார் 1 கிராம். அலுமினிய நிப்பிள் அதில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு சக்கரத்துக்கு 32 ஸ்போக் என்றால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 40 கிராமுக்கு மேல் குறையும். எல்லா போல்ட்டையும் டைட்டானியமாக்கிக் கிடைக்கும் லாபத்துக்கு ஏறத்தாழ இணை. அதனால்தான் இலேசான சக்கரங்களில் அலுமினிய நிப்பிள் வருகிறது. ஆனால் ஸ்போக் துளைகள் வழியே ரிம்முக்குள் புகும் மழைநீர் இங்கே எளிதில் காயாது. எஸ்.எஸ். ஸ்போக்குக்கும் ஈரத்துக்கும் நடுவில் அலுமினிய நிப்பிள் அரிபட்டு, ஒன்று ஸ்போக்கோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது தலை தெறித்துவிடும். கார்பன் ரிம்மாக இருந்தால் இன்னும் விரைவில். ஒட்டிக்கொண்ட நிப்பிளை வைத்துக்கொண்டு சக்கரத்தின் கோணலை எடுக்க முடியாது. நீலகிரியில் ஆண்டு முழுவதும் ஓட்டும் சக்கரத்துக்குப் பித்தளை நிப்பிளே வேண்டும் என்று சக்கரம் கட்டுபவரிடம் கேட்டு வாங்குங்கள். எடையைக் குறைக்கும் ஆசையைத் துணிந்து விட்டுக்கொடுக்க வேண்டிய இடம் இது.

கேபிள்களைப் பொறுத்தவரை எஸ்.எஸ். உள்கம்பியே சரி, விலை வேறுபாடு சிறிது.

ஐந்தாம் படி: வாங்கும்போது சோதியுங்கள்

பம்பு, மோட்டார், இயந்திரப் பட்டறைகள் நிறைந்த கோயம்புத்தூர் பக்கத்தில் இருப்பது நமக்கு வசதி. எம்4, எம்5, எம்6 அளவில் எஸ்.எஸ். ஆலன் போல்ட்டுகள் அங்கே போல்ட்-நட்டு கடைகளில் சில்லறையாகவே கிடைக்கும். பழைய போல்ட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, 304 என்றும் தலையில் ஏ2-70 என்ற பொறிப்பு வேண்டும் என்றும் சொல்லிக் கேளுங்கள். ஒரு சிறு காந்தமும் கொண்டுபோகலாம்: 304 காந்தத்தில் ஒட்டாது, அல்லது மிக மெல்லவே இழுபடும்; பளபளப்பான போல்ட் பட்டென்று ஒட்டினால் அது வேறு ரக எஃகு.

இணையத்தில் டைட்டானியம் வாங்குபவர்களுக்குத் தராசுதான் துணை. ஊதா, பொன், நீலம் என்று நிறமேற்றிய போல்ட்டுகளைப் பார்வையால் இனம்காண முடியாது. டைட்டானியத்துக்கும் அலுமினியத்துக்கும் ஒரே மாதிரி நிறம் ஏற்றுகிறார்கள். பத்தில் ஒரு கிராம் வரை காட்டும் சிறு மின்தராசில், அதே அளவுள்ள எஃகு போல்ட்டையும் புதிய போல்ட்டையும் நிறுத்துப் பாருங்கள். எஃகின் எடையில் பாதிக்குச் சற்று மேல் இருந்தால் டைட்டானியம். மூன்றில் ஒரு பங்கு அளவில் இருந்தால் அலுமினியம். இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த நிற போல்ட்டையும் ஸ்டெம்மிலோ பிரேக்கிலோ போடாதீர்கள்.

நீளத்திலும் கவனம் தேவை. அலுமினியத்துக்குள் இறங்கும் போல்ட், தன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது மரையில் இறங்கியிருக்க வேண்டும். எம்5 என்றால் 7.5 மி.மீ. குட்டையான போல்ட் மரையைப் பிய்த்துக்கொண்டு வரும். நீளம் கூடினால் போல்ட் அடியில் முட்டி நின்றுவிடும். சாவிக்கு இறுகியதுபோலத் தோன்றும், ஆனால் பிடிக்க வேண்டியதைப் பிடித்திருக்காது.

ஆறாம் படி: மாட்டும் முறை

பழைய மரையைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, உலர்த்தித் துடைத்துவிடுங்கள். எஃகு, எஸ்.எஸ். போல்ட்டுகளுக்குத் தண்ணீரில் கரையாத கிரீஸ் போதும். டைட்டானியத்துக்கு ஆன்டி-சீஸ் பசை வேண்டும், ஏனென்றால் டைட்டானியமும் எஸ்.எஸ்.-ஸும் உலர்ந்த நிலையில் உராய்ந்தால் மரைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, பிறகு முன்னும் போகாது, பின்னும் வராது. ரோட்டார் போல்ட்டுகள் பல, நீல நிற மரைப்பூட்டுத் திரவம் தடவியே வரும். அவற்றுக்குக் கிரீஸோ பசையோ தடவக் கூடாது. பசையோ கிரீஸோ ரோட்டாரின் மீதும் பிரேக் கட்டையின் மீதும் பட்டுவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் சில சுற்றுகளை விரலால் மட்டுமே திருப்புங்கள். விரலுக்குத் தடை தெரிந்தால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது என்று பொருள்; பின்னால் திருப்பி மறுபடி தொடங்குங்கள். இறுக்குவதற்கு, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கிவிடுவது நல்லது, குறிப்பாகக் கார்பன் பாகங்கள் இருந்தால். பாட்டில் கேஜுக்கு 2 முதல் 3 நியூட்டன் மீட்டர் போதும். ஸ்டெம்மின் மீது பெரும்பாலும் 4 முதல் 6-க்குள் ஓர் எண் அச்சிட்டிருக்கும்; அதை உச்ச வரம்பாகக் கொள்ளுங்கள். பசை தடவிய மரையில் உராய்வு குறைவதால், அதே முறுக்கில் போல்ட் அதிகமாக இழுபடும் என்பதை நினைவில் வையுங்கள். முன்தகட்டின் நான்கு போல்ட்டுகளையும் எதிரெதிர் மூலைகளாக, சிறிது சிறிதாக இறுக்கி, மேலும் கீழும் இடைவெளி சமமாக வருகிறதா என்று கண்ணால் சரிபாருங்கள். முதல் நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின் எல்லாவற்றையும் ஒருமுறை மீண்டும் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள்.

மழைக்காலப் பராமரிப்பு

நனைந்து திரும்பிய நாளில் போல்ட் தலைகளின் குழிகளில் தேங்கிய தண்ணீரைத் துணி முனையால் ஒற்றி எடுத்தால் பாதித் துரு அங்கேயே நின்றுவிடும். ஸ்டெம்மை ஈரத்துணியால் துடைத்து வியர்வை உப்பை எடுத்த பிறகு உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். கனமழையில் ஓட்டியிருந்தால், சீட் போஸ்ட்டின் உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துவிட்டு, அதை உருவி, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சட்டகத்துக்குள் போன தண்ணீரை வடியவிடுங்கள். பிளாஸ்டிக் தாளால் இறுக்கமாக மூடிவைக்காதீர்கள். உள்ளே ஈரம் வியர்த்து நின்றுவிடும். வாட்டர் சர்வீஸில் அழுத்தத் தண்ணீர் அடித்துக் கழுவுவதையும் தவிர்த்துவிடுங்கள், அது பேரிங்குக்குள் இருக்கும் கிரீஸை வெளியேற்றிவிடும்.

தென்மேற்கு மழைக்கு முன் ஒருமுறையும், டிசம்பரில் மழை ஓய்ந்த பின் ஒருமுறையும் எல்லா போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, புதுக் கிரீஸ் வைத்து மாட்டினால் எதுவும் இறுகிச் சிக்காது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றிப் பரப்பிவிடாமல், ஒன்றைக் கழற்றி மாட்டிய பிறகே அடுத்ததற்குப் போங்கள். தலைக்குழி மழுங்கியவை, தண்டில் கழுத்துப்போல இளைத்தவை, வளைந்தவை ஆகியவற்றை மறுபடி மாட்டக் கூடாது.

சீட்டுக்குக் கீழே தொங்கும் பையில் எம்5 அளவில் 16 மி.மீ. நீள போல்ட் இரண்டு, உங்கள் ஸ்டெம்முக்குப் பொருந்தும் போல்ட் ஒன்று, 4, 5 மி.மீ. ஆலன் கீ, டி25 என்ற நட்சத்திர முனைச் சாவி ஆகியவற்றைக் கிரீஸ் தடவிய துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். கல்லட்டிப் பாதையில் மசினகுடிக்கும் தலைக்குந்தாவுக்கும் நடுவில் இவை விலைக்குக் கிடைக்காது.